பின்னால் நிற்க ஓர் ஆள்

பகல் மூன்று மணிக்குக் கேப்டன் ஷெஹாத்தாவின் ஜிம்மில் ஆள் இருக்காது. பாஸிம் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

ஆலையில் காலை ஷிஃப்ட் இரண்டரைக்கு முடியும். சாயப் பிரிவில் அவன் வேதியியலாளன். துணித்துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி, சாயம் நிற்கிறதா போகிறதா என்று பார்த்து எழுதுவது வேலை. முடிந்ததும் விரலில் நீலமோ சிவப்போ ஒட்டியிருக்க நேராக ஜிம்முக்கு நடப்பான். எகிப்தின் மஹல்லா நகரத்துப் பழைய கட்டடம் ஒன்றின் நிலவறை அது. எட்டுப் படி இறங்கவேண்டும், கடைசிப் படியில் தலையைக் குனியவேண்டும். உள்ளே வியர்வையும் துருவும் கேப்டனின் புதினா டீயும் கலந்து ஒரு வாசனை. எடைத் தட்டுகள் உள்ளூர்ப் பட்டறையில் வார்த்தவை. இருபது என்று பொறித்த தட்டு பத்தொன்பதும் இருக்கும், இருபத்திரண்டும் இருக்கும். எது எதற்கு ஜோடி என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

ஒன்பது மாதமாக அந்தத் தட்டுகளை அவன் தொடவில்லை.

மூலையில் இருக்கும் கேபிள் மெஷினில் டிரைசெப்ஸ். சாய்ந்த பலகையில் முழங்கையை ஊன்றி டம்பெல்லால் பைசெப்ஸ். கையைப் பக்கவாட்டில் தூக்கித் தோள். உட்கார்ந்தபடி காலை நீட்டித் தொடை. ஒவ்வொரு தசையாகத் தனியே பிரித்தெடுத்து வேலை வாங்குகிற பயிற்சிகள். எடை குறைவு. கை தளர்ந்தால் கீழே வைத்துவிட்டுப் போகலாம். யாரும் வேண்டாம். பெஞ்ச் பிரஸ், ஸ்குவாட் எல்லாம் அப்படியல்ல. மூட்டும் முதுகும் காலும் மூச்சும் சேர்ந்து ஒரே எடையைத் தூக்குகிற காரியம். மார்புக்கு மேல் நூறு கிலோ இறங்கும்போது தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கவேண்டும், ராடு பாதி வழியில் நின்றுபோனால் பிடித்து எடுக்க.

அந்த ஆள் ஹைதம். பதினேழு வயதிலிருந்து, பதினான்கு வருடமாக அவன்தான் நின்றான். நிஹாலை பாஸிம் முதலில் பார்த்ததும் ஹைதமின் வீட்டில்தான். ஹைதமுக்குத் தங்கை. கல்யாணமாகி மூன்று வருடம் இருந்தாள். பிப்ரவரியில் மூளைக்காய்ச்சல் வந்து பதினோரு நாளில் இறந்துபோனாள். குழந்தை இல்லை.

அவனுடைய பயிற்சி நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவள் அவள்தான். ஆரம்பப் பள்ளி ஆசிரியை, கோடு போடுவதில் கை தேர்ந்தவள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நோட்டு மொத்தத்துக்கும் ஒரே மூச்சில் போட்டாள். இடது பக்கம் பச்சை மையில் அகலமான கட்டம், உடம்பு சேர்ந்து தூக்குகிறவற்றுக்கு. வலது பக்கம் சிவப்பில் ஒடுக்கமான கட்டம், தனித் தசைகளுக்கு. கேப்டனின் விதி அப்படி: மூன்று பங்கு அது, ஒரு பங்கு இது. ஒன்பது மாதமாகப் பச்சைக் கட்டம் காலியாகக் கிடந்தது. சிவப்புக் கட்டத்தில் இடம் போதாமல் பாஸிம் பொடி எழுத்தாக நெருக்கி எழுதினான். கோட்டைத் தாண்டிப் பச்சைப் பக்கம் எழுத அவனுக்குக் கை வரவில்லை.

ஜிம் பயிற்சியாளரைக் கேப்டன் என்பதுதான் அந்த ஊர் வழக்கம். கேப்டன் ஷெஹாத்தாவுக்கு நாற்பத்தைந்து வயது. பெரிய தோள், அதைவிடப் பெரிய தொப்பை. கண்ணாடி முன்னால் கையை மட்டும் வளர்க்கும் பையன்களை அவர் ஒரே வசனத்தால் விரட்டுவார். சோற்றைத் தொடாமல் ஊறுகாயை மட்டும் தின்கிறாயா என்பார். பாஸிமிடம் முதல் மூன்று மாதம் அதைச் சொல்லவில்லை. டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நாலாவது மாதம் ஒருநாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டார். சொன்னபிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பாஸிமுக்கு அன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எல்லோரையும் போல அவனையும் ஒருவர் கிண்டல் செய்கிறார்.

ஆனால் ஊறுகாயைத்தான் தின்றுகொண்டிருந்தான்.

காரணம் அவன் யாரிடமும் சொல்லாதது. நாற்பதாம் நாள் முடிந்த வாரம், வழக்கம்போல சாயங்காலம் ஏழு மணிக்கு ஜிம்முக்குப் போனான். ஹைதம் இருந்தான்.  ஹைதம் தட்டுகளை மாட்டினான். பாஸிம் பெஞ்சில் படுத்து மேலே பார்த்தான். ஹைதம் ராடுக்கு மேல் குனிந்தான். தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தில் மீசை நெற்றிப் பக்கம் போய்விட்டது. மிச்சமிருந்தது நிஹாலின் கண், நிஹாலின் புருவம், நிஹாலின் மூக்குத் துளைகூட. சோபாவில் அவன் படுத்திருக்கும்போது அவள் பின்பக்கமாக வந்து இப்படித்தான் குனிந்து பார்ப்பாள். தூங்குகிறாயா, நடிக்கிறாயா என்று கேட்பாள். பதினான்கு வருடம் அந்த முகத்தை அப்படிப் பார்த்தவனுக்கு அதற்கு முன் ஒருநாளும் அது தெரிந்ததில்லை. அவள் இருந்தவரை தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ராடைத் தொடாமலே எழுந்துவிட்டான். தோள் வலிக்கிறது என்றான். மறுநாளிலிருந்து மூன்று மணி.

ஹைதம் முதலில் போன் செய்தான். பிறகு செய்தி அனுப்பினான். தோள் சரியாகிவிட்டதா என்று கேட்டான். இன்னும் இல்லை என்று பாஸிம் பதில் போட்டான். ஆகஸ்டுக்குப் பிறகு செய்தி வரவில்லை. பாஸிமின் பெற்றோர் குவைத்தில் அவன் அண்ணனோடு இருந்தார்கள். ஆலையில் யாருக்கும் நிஹாலைத் தெரியாது. ஹைதமும் போய்விட்டால், அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச இந்த ஊரில் அவனுக்கு ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் மூன்று மணிக்கே போய்க்கொண்டிருந்தான்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, டிரைசெப்ஸ் மூன்றாவது செட்டின் நடுவில் கேப்டன் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டீ கொண்டுவரவில்லை. விஷயம் பெரிது என்று பாஸிமுக்குப் புரிந்தது.

கேப்டன் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். ஹைதமின் கடைசித் தங்கை ரீஹாமுக்கு ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டிய சாமானில் எல்லாம் சேர்ந்துவிட்டது, நீஷ் என்கிற பீங்கான் அலமாரி மட்டும் பாக்கி. நீஷ் இல்லாமல் மஹல்லாவில் எந்தப் பெண்ணும் புருஷன் வீட்டுக்குப் போனதில்லை. நாலு பேர் வந்து பார்க்கக் கண்ணாடிக் கதவும், உள்ளே யாரும் தொடாத பீங்கானும் இருந்தாகவேண்டும். மரச்சாமான் செய்கிற ஊரான தமியாத்தாவில் இப்போது விற்கிற விலைக்கு அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நிஹாலின் நீஷ் பாஸிம் வீட்டில் சும்மா நிற்கிறது.

“ஹைதமோட அம்மா நேரா கேக்கக் கூச்சப்படுறாங்க, இன்ஜினியர். என்னைத் தூது அனுப்பிட்டாங்க. என் உருவத்துக்குப் புறா வேலை பொருந்துமா, சொல்லுங்க.” படித்தவன் யாரானாலும் கேப்டனுக்கு இன்ஜினியர்தான்.

பாஸிம் கேபிளை விட்டான். எடைகள் விழுந்து சத்தம் எழுப்பின. எடுத்துக்கொள்ளட்டும் என்றான். அது அவர்கள் வாங்கிக் கொடுத்ததுதான். கூலி ஆட்களை அனுப்பச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பேன் என்றான்.

“கூலி ஆள் வேணாமாம். உங்க சந்துல சாமான் தூக்கி இறக்குற வண்டியும் நுழையாதாம். ஹைதம் வர்றானாம். ரெண்டு பேர் போதும்னான்.” கேப்டன் எழுந்து பாஸிமின் கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். “கை நல்லாத்தான் இருக்கு. காலைப் பாத்தாத்தான் கொக்கு ஞாபகம் வருது.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹைதம் வந்தான். வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பெருத்திருந்தான். வாசலிலேயே நின்று, சம்பிரதாயத்துக்குக் கேட்பதுபோல நலம் விசாரித்தான். கையில் நாலு பழைய போர்வை, ஒரு கட்டு செய்தித்தாள், கயிறு. பாஸிம் அவன் நெற்றியைப் பார்த்துப் பதில் சொன்னான். பார்வை கண் வரைக்கும் இறங்கவில்லை.

நீஷ் முன்னறைச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. வாதுமை நிறம், மேலே செதுக்கிய கிரீடம், மூன்று கண்ணாடிக் கதவு. நிஹால் வாரம் ஒருமுறை துடைப்பாள். பாஸிம் துடைத்ததில்லை. உள்ளே தூசி எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை, ஆனால் நுழைந்திருந்தது.

இருவரும் தரையில் உட்கார்ந்து பீங்கானைச் செய்தித்தாளில் சுற்றினார்கள். தட்டு, கிண்ணம், சர்க்கரைக் குடுவை, பொன் விளிம்பு வைத்த பன்னிரண்டு டீக் கோப்பை. அரைமணி நேரம் காகிதச் சத்தம் மட்டும். ஹைதம் சாதாரணமாகப் பத்து நிமிடம் வாய் மூடி இருக்கிற ஆள் இல்லை. பத்தாவது கோப்பையை எடுத்தவன் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தான். அடியில் மெல்லிய பழுப்பு வளையம்.

“இதுல யாரோ குடிச்சிருக்காங்க.”

பாஸிம் கையிலிருந்த கிண்ணத்தைச் சுற்றி முடித்தான். பிறகு, நாங்கள்தான், ஒரே ஒரு தடவை, என்று ஒப்புக்கொண்டான். முதல் பெருநாளன்று. விருந்தாளி யாரும் வரவில்லை. நாமே விருந்தாளியாக இருக்கலாம் என்று நிஹால் இரண்டு கோப்பையை எடுத்துவிட்டாள். கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தாள்.

ஹைதம் சிரிக்கவில்லை. “உரிச்சிருக்கும்” என்றான். பதினொன்றாவதையும் பிடித்துப் பார்த்தான். அதிலும் வளையம் இருந்தது. இரண்டையும் சுற்றாமல் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். தொட்டி ஓரத்தில் வைத்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து மிச்சத்தைச் சுற்றினான். 

கதவுகளைக் கழற்றிப் போர்வையில் கட்டிப் பீங்கான் பெட்டிகளோடு முதலில் இறக்கினார்கள். சந்து முனையில் பிக்கப் வண்டி நின்றது. பிறகு நீஷ். நாலு மாடி. படி ஒரு ஆள் அகலம், திருப்பம் ஒவ்வொன்றும் குறுகல். கீழ்ப் பக்கம் பிடிப்பவன் மேல்தான் பாரம் முழுக்க இறங்கும். ஹைதம் பாஸிமின் கையைப் பார்த்தான். சட்டைக் கை இறுகிக் கிடந்தது. நீ கீழே போகிறாயா என்று கேட்டான். பாஸிம் சரி என்றான்.

முதல் திருப்பத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கை தாங்கியது. தோள் தாங்கியது. இடுப்பில் ஒன்றுமில்லை. அடுத்த படியைக் கால் தடவித்தான் கண்டுபிடித்தது. ஒன்பது மாதமாக ஒவ்வொரு தசையையும் தனித்தனியாக உட்காரவைத்துச் சோறு போட்டு வளர்த்திருந்தான். ஒவ்வொன்றும் பலசாலி. ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. பாரம் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டன. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நீஷின் மூலை சுவரில் உரசிச் சுண்ணாம்பு கொட்டியது. அவனுடைய மூச்சு வாயால் வந்தது.

பிப்ரவரியில் அவன் தூக்கிய கடைசிப் பாரம் ஞாபகத்துக்கு வந்தது. நிஹாலை, பள்ளிவாசலிலிருந்து அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும். அதில் எடையே இல்லை. தெருவில் போகிறவன்கூட ஓடிவந்து தோள் கொடுத்தான். நாற்பது ஐம்பது பேர், மாறி மாறி. முன்பக்க வலது முனையில் இவன், இவனுக்குப் பின்னால் ஹைதம். எவ்வளவு லேசாகப் போனது என்பதுதான் இத்தனை நாளாக அவனால் மறக்க முடியாமல் இருந்தது.

“இறக்கு” என்று மேலிருந்து ஹைதம் சொன்னான். “இறக்குடா. அவமானமில்ல.”

திருப்பத்தில் இறக்கினார்கள். ஹைதம் நீஷுக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கி நுழைந்து, பட்டன் ஒன்றைப் பலிகொடுத்துக் கீழ்ப் பக்கம் வந்தான். தினமும் முதுகில் வாஷிங் மெஷின் சுமக்கிறவன். குந்தி, முதுகை நேராக்கி, எழுந்தான். பாஸிம் மேல் விளிம்பைப் பிடித்தான். நீஷ் நகர்ந்தது. பாதி எடை காணாமல் போயிருந்தது. கீழேயிருந்து, நீஷின் மறுபக்கத்திலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டே குரல் வந்தது.

“எல்லாம் உன்னுதுதான் பாஷா. நான் தொடவே இல்ல.”

ஜிம்மில் சொல்கிற பொய் அது. தலைமாட்டில் நிற்பவன் ராடில் பாதியைத் தூக்கிக்கொண்டே சொல்வது. படுத்திருப்பவனுக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். எகிப்து முழுக்க அந்தப் பொய்யைச் சொல்லித்தான் ஆட்கள் நூறு கிலோ தூக்கினார்கள். பாஸிம் மேல் விளிம்பை இன்னும் இறுக்கினான். பிடி நழுவுவதுபோல இருந்தது.

“நிறுத்து” என்றான்.

இரண்டாவது மாடித் திருப்பம். நீஷ் நடுவில் செங்குத்தாக நின்று படியை முழுதாக அடைத்தது. பாஸிம் மேல் படியில் உட்கார்ந்தான். ஹைதம் கீழ்ப் படியில் உட்கார்ந்தது சத்தத்தில் தெரிந்தது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. ஏதோ வீட்டில் பூண்டு வதங்கிக்கொண்டிருந்தது.

கீழிருந்து ஹைதம் பேசினான். அம்மா ஒன்று சொல்கிறாள் என்றான். பாஸிம் வேறு பெண் பார்த்துவிட்டானாம், அதனால்தான் நம் முகத்தில் விழிப்பதில்லையாம். பார்த்திருந்தால் தப்பில்லை, வயது இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகலாம் என்றான். அந்தக் கடைசி வார்த்தையில் குரல் கடினமாயிற்று.

“யாரையும் பாக்கல.”

“அப்ப என்னடா? தோள் வலின்னு என்கிட்டயே சொல்ற. இந்தக் கையை வச்சுக்கிட்டு.”

பாஸிம் நீஷின் முதுகுப் பலகையைப் பார்த்தான். தமியாத்தா பட்டறைக்காரன் பென்சிலால் எழுதிய எண் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னான்.

“பெஞ்சுல படுத்து மேல பாத்தா உன் மூஞ்சி தலைகீழாத் தெரியும்ல. அது அவ மூஞ்சி.”

 பூண்டு வாசனை தீய்ந்த வாசனையாயிற்று. யாரோ ஒரு பெண் யாரையோ திட்டினாள். நீஷ் அவ்வளவு அகலம் இல்லாமல் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டோம் என்று பாஸிம் நினைத்தான்.

“எனக்கு நேராவே தெரியுது” என்றான் ஹைதம். “காலைல ஷேவ் பண்றப்போ. கண்ணாடியில.”

பாஸிம் பலகையின் மேல் கையை வைத்தான்.

“நீ மூணு மணிக்கு மாத்திக்கிட்ட. நான் எத்தன மணிக்குடா மாத்திக்கிறது?”

 ஒன்பது மாதமாக அந்த முகத்தைத் தான் ஒருவன்தான் பார்க்கிறோம் என்று பாஸிம் நினைத்திருந்தான். அதைச் சுமந்துகொண்டு திரிகிறவனைப் பற்றி ஒருநாளும் நினைக்கவில்லை.

ஹைதம் மூக்கை உறிஞ்சினான். மேலே வதக்குகிற வீட்டில் இன்று சோறு இல்லை, கரிதான் என்றான். பிறகு, தூக்கு, பிக்கப்காரன் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்றான். தூக்கினார்கள். மிச்ச இரண்டு மாடியும் ஹைதம் வாய் ஓயவில்லை. இடது, மெதுவாக, உன் பக்கம் உயர்த்து, சுவர், சுவர் என்று.

ஹைதமின் வீட்டில் அவன் அம்மா உம்மு ஹைதம் வாசலில் நின்றிருந்தார். நீஷைப் பார்க்கவில்லை. பாஸிமின் முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏன் மகனே இப்படிக் கழுத்தெல்லாம் நரம்பாகப் போய்விட்டாய் என்றார். சாப்பிடாமல் விடவில்லை. மொலுக்கியாக் கீரையும் சோறும் வாத்துக் கறியும். ரீஹாம் சங்கடத்தோடு எதிரில் வந்து, பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்றாள். கோப்பைகளை அடுக்கும்போது உம்மு ஹைதம் எண்ணிப் பார்த்து, பன்னிரண்டாயிற்றே, பத்துதானே இருக்கிறது என்றார். வழியில் உடைந்துவிட்டது என்றான் ஹைதம், வாயில் சோற்றோடு. நீ ஒருவன் இரண்டு காளை மாட்டுக்குச் சமம் என்று அரைமணி நேரம் திட்டு வாங்கினான்.

பாஸிம் வீட்டுக்குத் திரும்பியபோது முன்னறைச் சுவரில் நீஷ் நின்ற இடம் மட்டும் வெளுப்பாக, புதுச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. நாலு வருடமாக வெளிச்சம் படாத இடம். அறை பெரிதாகிவிட்டது. பேசினால் எதிரொலிக்கும்போல இருந்தது.  தொட்டி ஓரத்தில் இரண்டு கோப்பை இருந்தன. ஒன்றில் டீ போட்டுக் குடித்தான். மற்றதைக் கவிழ்த்து வைத்தான்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனான். மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. சோபாவில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஏழு மணிக்கு எழுந்து நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஜிம் நிறைந்திருந்தது. கேப்டன் அவனைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, டீ ஊற்றப் போய்விட்டார். ஹைதம் பெஞ்சின் மேல் உட்கார்ந்து ஒரு பையனுக்கு வாஷிங் மெஷின் மோட்டாரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். பாஸிம் வந்து நின்றதும் எழுந்து இடம் விட்டான். கேட்காமலே தட்டுகளைப் போய் எடுத்தான். மஞ்சள் சாயம் உரிந்த இருபதையும், விளிம்பு நசுங்கிய இருபதையும். அவை இரண்டும்தான் ஜோடி. பழைய எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மாட்டினான்.

“மீசையை வேணா எடுத்துடட்டுமா? இல்ல தாடி வச்சுக்கட்டுமா? எது சௌகரியம்?”

“எடுத்தா இன்னும் மோசம்.”

“அப்ப கஷ்டம்தான்” என்றான் ஹைதம்.

பாஸிம் படுத்தான். கூரையில் ஈரக்கறை. பிறகு ஹைதம் குனிந்தான், கறை மறைந்தது. கண், புருவம், மூக்கு. எல்லாம் அதனதன் இடத்தில், தலைகீழாக. நெற்றிப் பக்கத்து மீசையில் ஒரு வியர்வைத் துளி தொங்கியது. அந்தக் கண்களும் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் ஓரம் சிவந்திருந்தது. நிஹால் ஒருநாளும் அவனை அப்படிப் பார்த்ததில்லை. அது ஹைதமின் பார்வை. முகம் அவளுடையது, பார்வை இவனுடையது. பாஸிம் கண்ணை மூடவில்லை. ராடைப் பிடித்தான்.

முதல் தடவை ராடு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறியது. மார்பு, தோள், முதுகு எல்லாம் பழைய விலாசத்தைத் தேடுவதுபோல ஒன்றையொன்று தடவித் தேடின. இரண்டாவது கொஞ்சம் நேராக ஏறியது. மூன்றாவதில் பாதத்தைத் தரையில் ஊன்றினான். நாலாவது பாதி வழியில் நின்றது. அங்கேயே நின்றது. மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை. அந்த முகம் இன்னும் அருகே குனிந்தது. ராடுக்கு அடியில் இரண்டு விரல் வந்தது. எதுவும் சொல்லாமல் ஏற்றிவைத்தது.

பாஸிம் எழுந்து உட்கார்ந்தான். நோட்டைப் பிரித்தான். பச்சைக் கட்டத்தில் தேதியைப் போட்டு, எடையைப் போட்டு, நாலு என்று எழுதப் போனான்.

“மூணுன்னு போடு” என்றான் ஹைதம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், அதனால் குரல் துணிக்குள்ளிருந்து வந்தது. “நாலாவதை நான் தொட்டேன்.”

மூன்று என்று எழுதினான். அகலமான கட்டம். அந்த ஒரு எண் போக மிச்சமெல்லாம் காலியாக இருந்தது. துண்டை வாங்கிப் பெஞ்சைத் துடைத்தான். ஹைதமின் முறை. பாஸிம் எழுந்து தலைமாட்டுக்குப் போய் நின்றான்.